சிகிச்சைக்குப் பின் நீலகிரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோவை மருத்துவமனைகளில் சிகிச்சை முடித்து, ஊர் திரும்புவதற்கு முன் சில நாட்களை நீலகிரியில் கழிக்க விரும்புகிறவர்கள், வழிகாட்டியுடன் வரலாற்று இடங்களைப் பார்ப்பது குறித்த தங்கள் ஐயங்களை அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்ததால், ஒத்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். உடல்நிலை பற்றி இங்கே சொல்லியிருப்பவை பொதுவான தகவல்கள். உங்கள் உடலைச் சோதித்த மருத்துவர் வேறு விதமாகச் சொன்னால், அவர் சொல்வதே உங்களுக்குப் பொருந்தும்.

கேள்வி: என் தாயாருக்குக் கோவையில் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. இரண்டு வாரங்கள் கழித்து மலேசியா திரும்புகிறோம். பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர் என்பதால், படகுச் சவாரியும் கடைவீதியும் வேண்டாம், பழைய ஊட்டியைப் பார்க்க வேண்டும் என்கிறார். எப்படித் திட்டமிடுவது? – ஒரு வாசகி, ஈப்போ

மருத்துவரிடம் "ஊட்டிக்குப் போகலாமா?" என்று பொதுவாகக் கேட்டால், "போகலாம், பார்த்துப் போங்கள்" என்ற பொதுவான பதில்தான் கிடைக்கும். தொடர்ந்து எவ்வளவு நேரம் காரில் உட்காரலாம், ஒரே நேரத்தில் எத்தனை படி ஏறி இறங்கலாம், ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மருந்தை எந்தத் தேதி வரை எடுக்க வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மூட்டு மாற்றிய முதல் சில வாரங்களில் காலின் ஆழமான ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் வாய்ப்பு உண்டு. காலை மடக்கியபடி வெகுநேரம் அசையாமல் இருப்பது அந்த வாய்ப்பைக் கூட்டும். ஆகவே மணிக்கு ஒரு முறையாவது வண்டியை நிறுத்தி, அவர் இறங்கிச் சிறிது நடக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையில் வீங்கி வலித்தால் பயணத்தைத் தொடராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ அது அவசர நிலை, 108ஐ அழையுங்கள்.

தங்குவதற்கு உதகையை விடக் கோத்தகிரியையோ குன்னூரையோ நான் பரிந்துரைப்பேன். இரண்டும் உதகையை விடச் சில நூறு மீட்டர் தாழ்வானவை. குளிரும் கூட்டமும் குறைவு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிச் சாலையில் ஏறினால், நீங்கள் பார்க்க வேண்டிய முதல் இடம் வழியிலேயே வந்துவிடுகிறது. கோவையில் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் இந்த மலைக்கு வந்து, கோத்தகிரிக்கு அருகே கட்டிய பங்களா பின்னாளில் சிதிலமடைந்து கிடந்து, பிறகு புதுப்பிக்கப்பட்டு, இன்று கன்னேரிமுக்கில் சல்லிவன் நினைவகமாக நிற்கிறது. சிறிய கட்டடம், பழைய படங்களையும் ஆவணங்களையும் நின்று நிதானமாகப் பார்த்தாலும் சோர்வதற்குள் பார்த்து முடித்துவிடலாம். உதகையின் கதை உதகையில் தொடங்கவில்லை, இங்கேதான் தொடங்கியது என்பதை உங்கள் தாயார் கட்டாயம் ரசிப்பார்.

அடுத்த நாளை உதகையின் செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்துக்கென்று முழுமையாக ஒதுக்கிவிடுங்கள். சென்னை ஆளுநராக இருந்த லஷிங்டன் 1829 ஏப்ரல் 23 அன்று அடிக்கல் நாட்டிய தேவாலயம் இது. 1831இல் ஈஸ்டர் நாளில் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. இதன் உத்தரங்களுக்கும் தூண்களுக்குமான மரம், 1799இல் வீழ்ந்த திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டின அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவரப்பட்டது. வழிபாடு இல்லாத வேளையில் சென்று, அவரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, அண்ணாந்து அந்த உத்தரங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். மைசூர்ப் போர்களைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்திய ஒருவருக்கு, அந்தப் போர் முடிந்த அரண்மனையின் மரத்தடியில் உட்கார்ந்திருப்பதே போதுமான நிகழ்ச்சி. அன்றைக்கு வேறெதையும் காட்டத் தேவையில்லை. பின்னால் சரிவில் ஏறிச் செல்லும் கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அந்தச் சரிவு புது மூட்டுக்கு ஏற்றதல்ல, மழைக்குப் பிறகு வழுக்கவும் செய்யும். அங்கே நீங்கள் மட்டும் போய்ப் படம் எடுத்து வந்து அவரிடம் காட்டுங்கள்.

திரும்பும் வழியில், 1822இல் சல்லிவன் கட்டத் தொடங்கிய, உள்ளூர் மக்கள் 'கல் பங்களா' என்று அழைத்த வீட்டை, காரிலிருந்தபடியே வெளியிலிருந்து காட்டலாம். இன்று அந்த வளாகத்தில் அரசு கலைக் கல்லூரி நடக்கிறது.

படிகளைப் பற்றி ஒரு சொல். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்திருப்பார். பழைய கட்டடங்களின் கற்படிகள் ஒன்றுக்கொன்று உயரம் மாறுபடும். பேச்சு சுவாரசியத்தில் இந்த வரிசை மறந்துவிடும். ஆகவே படியில் இருக்கும்போது கதை சொல்ல வேண்டாம் என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு விழித்திரை விலகலுக்காகச் சத்திரசிகிச்சை செய்து இரண்டு கிழமைகள் ஆகின்றன. கண்ணுக்குள் ஒரு வகைக் காற்று வைத்திருப்பதாகச் சொன்னார்கள். இப்போது குப்புறப் படுக்கத் தேவையில்லை என்கிறார்கள். நடமாட்டத்தில் எந்தக் குறையும் இல்லாததால், இரண்டு நாள் ஊட்டியைக் காட்டிவிட்டு ஊருக்குப் போகலாம் என்று யோசிக்கிறோம். – ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

கூடாது. இந்தப் பக்கத்தில் நான் தயக்கமில்லாமல் சொல்லக்கூடிய பதில் இது ஒன்றுதான்.

உங்கள் தந்தையின் கண்ணில் இருப்பது வாயுக் குமிழி. கோவை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்திலும், உதகை ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. உதகையில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். வெளியழுத்தம் குறையும்போது உள்ளே அடைபட்ட வாயு விரியும். கோவையிலிருந்து உதகைக்கு ஏறும் சில மணி நேரத்தில் அதன் அளவு கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு கூடிவிடும். கண்ணோ விரிந்து கொடுக்கும் உறுப்பு அல்ல. கண்ணின் அழுத்தம் உயர்ந்து, விழித்திரைக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டு, காப்பாற்றிய பார்வை நிரந்தரமாகப் போய்விடக்கூடும். கடும் வலியும் வாந்தியும் மலையேறும்போதே தொடங்கலாம். அதை வளைவுகளால் வந்த குமட்டல் என்று நினைத்து வீட்டார் விட்டுவிடுவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

இந்த வாயுக்களில் ஒரு வகை இரண்டு மூன்று வாரங்களில் கரையும். இன்னொரு வகை ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை தங்கும். எந்த வகை வைத்தார்கள் என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். குமிழி முழுவதும் கரைந்துவிட்டது என்று கண் மருத்துவர் சோதித்துச் சொல்லும் வரை மலையும் வேண்டாம், விமானமும் வேண்டாம். விமானத்தின் உட்புற அழுத்தமும் ஏறக்குறைய இதே உயரத்துக்குச் சமமானது என்பதால், ஊர் திரும்பும் தேதியையும் அவரிடம் கேட்ட பிறகே உறுதி செய்யுங்கள். வாயுவுக்குப் பதிலாகச் சிலிக்கான் எண்ணெய் வைத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் எது வைத்தார்கள் என்பதை நீங்களாக ஊகிக்க வேண்டாம்.

காத்திருக்கும் நாட்களில் மலையேறாமலே பார்க்கக் கோவையில் இடங்கள் உண்டு. பேரூர் பட்டீசுவரர் கோயிலின் கனகசபை மண்டபத் தூண்களையும், 1902இல் தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகத்தையும் சமதரையில் நடந்தே பார்க்கலாம். இதற்கும் மருத்துவரின் அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்து சிகிச்சை பெற்றவர்களும், நடுக்காதில் அறுவை செய்துகொண்டவர்களும் இதே கேள்வியைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும்.

கேள்வி: நோயாளிகளை ஏன் வரலாற்று இடங்களுக்கு அழைத்துப் போக வேண்டும்? நீலகிரிக்கும் மருத்துவத்துக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதேனும் உண்டா, அல்லது இது சுற்றுலாக்காரர்கள் கட்டிவிட்ட விளம்பரமா? – ஒரு வாசகர், கரூர்

விளம்பரம் நிறையவே இருக்கிறது. ஆனால் இந்த மலை நகரங்கள் எழுந்ததே உடல் தேறுவதற்காக வந்தவர்களால்தான் என்பது விளம்பரம் அல்ல. சமவெளியின் காய்ச்சல்களில் தங்கள் ஆட்களைத் தொடர்ந்து இழந்துகொண்டிருந்த ஆங்கிலேய அரசுக்கு, குளிர்ந்த மலை என்பது முதலில் ஓய்வில்லமாகத்தான் தெரிந்தது. சல்லிவன் இந்த மலையை அரசுக்குப் பரிந்துரைத்தபோது அவர் முன்வைத்த பெரிய வாதம் தட்பவெப்பமே. ராபர்ட் பெய்க்கி என்ற மருத்துவர், இந்த மலைக்காற்று ஐரோப்பிய உடலுக்கு என்ன செய்கிறது என்பதை விளக்கி ஒரு முழு நூலையே 1834இல் வெளியிட்டார். அதே ஆண்டில் தலைமை ஆளுநர் பென்டிங்க் உதகையில் தங்கியிருந்ததும், புதிதாக இந்தியா வந்த மெக்காலே சென்னையிலிருந்து அவரைச் சந்திக்க இங்கே வந்ததும் வரலாற்று மாணவர்களுக்குத் தெரிந்தவை.

இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்பும் கட்டடம் குன்னூரில் இருக்கிறது. லிலி பாகன்ஹாம் வால்ஷ் என்ற பெண் 1902இல் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். அப்போது அதற்கான சிகிச்சை தென்னிந்தியாவில் எங்குமே இல்லை. வடக்கே கசௌலிக்குத்தான் போக வேண்டும். அந்த மரணத்துக்குப் பிறகு எழுந்த முயற்சியாலும், ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் இந்தியாவுக்கு அளித்த நன்கொடையின் ஒரு பகுதியாலும், 1907இல் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டியர் ஆய்வகம் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்துச் சிகிச்சை ஒரே ஊசியில் முடிவதல்ல; நாய் கடித்தவர்கள் தென்னிந்தியாவின் மூலை முடுக்குகளிலிருந்து புறப்பட்டு வந்து, பல நாட்கள் தங்கி, தினமும் ஊசி போட்டுக்கொண்டு திரும்பினார்கள். மருத்துவத்துக்காக ஊர் விட்டு ஊர் வருவதை இன்று புதிய தொழிலாகப் பேசுகிறோம். குன்னூர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அப்படிப்பட்ட ஊர்.

அதே வளாகத்தில்தான் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் உணவு ஆராய்ச்சியை நடத்தினார். 1918இல், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய ஒற்றை அறையில் தொடங்கிய அந்தப் பணி வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார் மெக்காரிசன். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி உண்ட எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியை நம்பிய நம் சென்னை மாகாண உணவை உண்டவை கடைசி வரிசையில் நின்றன. மருத்துவமனை உணவு பிடிக்கவில்லை, வெறும் ரசஞ்சோறு போதும் என்று அடம்பிடிக்கும் நோயாளியிடம் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான கதையை நான் கேட்டதில்லை.

பாஸ்டியர் ஆய்வகம் தடுப்பூசித் தயாரிப்பில் இன்றும் இயங்கும் நிறுவனம் என்பதால் நினைத்தவுடன் உள்ளே நுழைய முடியாது. பக்கத்திலேயே 1874இல் உருவான சிம்ஸ் பூங்கா இருக்கிறது. பூங்கா பள்ளத்தாக்கு போல் கீழே இறங்கிக்கொண்டே போகும். இறங்கியதை எல்லாம் திரும்ப ஏற வேண்டும் என்பதால், நுழைவாயிலுக்கு அருகே மேல்தளத்து இருக்கையில் அமர்ந்து மேற்சொன்ன கதையைக் கேட்பதே அறிவுடைமை.

மூன்றாவது இடம் கூடலூர்ச் சாலையில் உள்ள நடுவட்டம். மலேரியாவுக்கு அன்றிருந்த ஒரே மருந்தான கொய்னா, தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்தது. கிளமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் 1860இல் அந்த நாற்றுகளைக் கொண்டுவந்தார். உதகைத் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்கைவர் அவற்றைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார். மரத்தை வெட்டாமல், பட்டையை நீள நீளமான கீற்றுகளாக உரித்தெடுத்து, உரித்த இடத்தைப் பாசியால் பொதிந்து கட்டிவிட்டால், புதுப்பட்டை வளரும். அதில் மருந்துச் சத்து கூடுதலாகவும் இருக்கும் என்று கண்டவர் அவர். அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில், மலாயா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து கடல் கடத்தப்பட்ட சீனக் கைதிகளும் இருந்தனர். ஈப்போ வாசகி இதைத் தம் தாயாரிடம் சொல்லலாம்.

மலேரியாவை ஆராய்ந்துகொண்டிருந்த மருத்துவர் ரொனால்ட் ராஸ் 1897இல் உதகைக்கு விடுப்பில் வந்திருந்தபோது, சீகூர் மலைச்சரிவில் கொசுக்களைத் தேடிப் போய்த் தாமே மலேரியாவில் விழுந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. சீகூர்ச் சரிவை நேரில் காட்டுகிறேன் என்று யாராவது அழைத்தால் போக வேண்டாம். அங்கே இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. தையல் ஆறாத வயிற்றோடு அதில் இறங்குவதற்கு எந்த வரலாறும் ஈடல்ல.

கேள்வி: என் கணவருக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஊட்டியில் நடக்கலாமா? – ஒரு வாசகி, திருநெல்வேலி

இதய மருத்துவர் உயரத்தைக் குறிப்பிட்டு அனுமதி கொடுத்தால் நடக்கலாம். ஆனால் திருநெல்வேலியில் நடக்கும் தூரத்தை இங்கே கணக்காகக் கொள்ள வேண்டாம். காற்று மெலிந்திருப்பதால், அதே தூரத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கும். குளிர் ரத்தக் குழாய்களைச் சுருக்கி ரத்த அழுத்தத்தை உயர்த்தும். முதல் நாள் அறையிலேயே இருங்கள். வெயில் வந்த பிறகு வெளியே போய், மாலைக் குளிருக்கு முன் திரும்பிவிடுங்கள். உதகைத் தாவரவியல் பூங்காவில் கீழ்ப் புல்வெளியும், ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள் பழமையானதாகச் சொல்லப்படும் கல்லாகிப்போன மரமும் போதும். அடுக்கடுக்காக மேலே ஏறும் பகுதிகளையும், அதற்கு மேலிருக்கும், 'மந்து' எனப்படும் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பையும் இந்த முறை விட்டுவிடுங்கள். ரோஜாத் தோட்டம் முழுக்கவும் படிக்கட்டுத் தளங்களே.

உடன் வரும் வழிகாட்டியை ஒரு அளவுகோலாகவே பயன்படுத்தலாம். நடந்துகொண்டே உங்கள் கணவர் அவரிடம் ஒரு முழு வாக்கியத்தில் கேள்வி கேட்கட்டும். வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினால் நடை வேகம் அதிகம் என்று பொருள், அங்கேயே நின்றுவிடுங்கள். மார்பெலும்பு கூடுவதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை ஆகும் என்பதால் பையைத் தூக்குவது, கனமான பழைய கதவைத் தள்ளுவது, கைப்பிடியைப் பற்றி உடலை மேலே இழுப்பது எதுவும் வேண்டாம். சீட் பெல்ட் தையலை உறுத்தினால் நடுவில் சிறிய தலையணையை வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டைக் கழற்ற வேண்டாம். நீர் பிரிவதற்கான மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், புறப்படும் நாளில் அதை எந்த நேரத்தில் எடுப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். மலைப்பாதையில் கழிப்பறைகள் வேண்டிய இடத்தில் இருப்பதில்லை.

கேள்வி: மலை ரயில் இல்லாமல் ஊட்டிப் பயணம் உண்டா? நோயாளி அதில் போகலாமா? – இருவர், பொள்ளாச்சி மற்றும் ஈரோடு

குன்னூரிலிருந்து உதகை வரை போகலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து முழுத் தூரமும் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் ஏறுவதற்கு ஐந்து மணி நேரத்தை ஒட்டி ஆகும். பெட்டிகளில் உள்ளே எழுந்து நடக்க நடைபாதை கிடையாது, முழங்கால்கள் எதிரே இருப்பவரின் முழங்கால்களைத் தொடும், ஏறும் படி உயரமானது. நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகையில் குகைகளுக்குள் புகையும் சேரும். குன்னூர் – உதகைப் பகுதியை டீசல் இன்ஜின் இழுக்கிறது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் உதகை வரையிலும் வந்த பாதை இது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. இதன் பெருமையான பற்சக்கரத் தண்டவாளம் கல்லாறு முதல் குன்னூர் வரைதான் இருக்கிறது. ரயிலில் ஏறாமலே குன்னூர் நிலையத்தில் நின்று அந்தப் பற்களையும், இன்ஜின் வந்து சேர்வதையும் பார்க்கலாம். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு அதுவே சிறந்த வழி.

கேள்வி: எங்களுக்கு அறை ஏற்பாடு செய்த முகவர், "ஒரே நாளில் ஒன்பது இடங்கள், வழிகாட்டி உட்பட" என்று ஒரு திட்டம் கொடுத்தார். மனைவிக்குப் பித்தப்பை நீக்கிப் பன்னிரண்டு நாட்களே ஆகியிருந்தன. நான்காவது இடத்திலேயே அவர் காரை விட்டு இறங்க மறுத்துவிட்டார். நல்ல வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது? – ஒரு வாசகர், கண்டி

உங்கள் மனைவி செய்ததுதான் சரி. ஒன்பது இடங்கள் என்பது சுற்றிக் காட்டுவதல்ல, ஒன்பது வாகன நிறுத்தங்களைக் காட்டுவது.

தேர்ந்தெடுப்பதற்கு முன் தொலைபேசியில் பேசுங்கள். சுற்றுலாத் துறை அளித்த அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்பது முதற்படி. அதற்குப் பிறகு, நீங்கள் பார்க்க விரும்பும் ஓரிடத்தைச் சொல்லி, வாயிலிலிருந்து உள்ளே எத்தனை படி, கார் எதுவரை போகும், உட்கார எங்கே இடம், கழிப்பறை எங்கே என்று கேளுங்கள். நோயாளிகளை அழைத்துப் போய்ப் பழகியவர் யோசிக்காமல் பதில் சொல்வார். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்பவர் எவ்வளவு ஆண்டுகளைப் பட்டியலிட்டாலும் உங்களுக்கு உதவ மாட்டார். அறுவை சிகிச்சை நடந்த உறுப்பையும், செய்யக் கூடாதவற்றையும் அவரிடம் சொல்லிவிடுவது நல்லது; முழு மருத்துவ அறிக்கையையும் காட்ட வேண்டியதில்லை. நோயாளி சோர்ந்து பாதியில் திரும்பினால் கட்டணம் எவ்வளவு என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். பாதியில் திரும்பினாலும் முழுக் கட்டணம் என்றாலும் பரவாயில்லை. கொடுத்த பணத்துக்காக நோயாளியை இழுத்துக்கொண்டு போகும் நிலை வரக் கூடாது.

தைலக் கடையின் முன் வண்டியை நிறுத்தும் வழிகாட்டிகளிடம் சற்று விழிப்பாக இருங்கள். கடைக்காரர் உங்கள் மனைவியின் நடையைப் பார்த்ததும், தைல எண்ணெயைத் தடவினால் வலி பறந்துவிடும் என்பார். ஆறாத தையலின் மீதோ அதன் அருகிலோ எந்தத் தைலமும் படக் கூடாது.

கேள்வி: கீமோதெரபி எடுத்துக்கொள்ளும் தங்கையை, இரண்டு சுழற்சிகளுக்கு இடையில் மே மாத மலர்க் கண்காட்சிக்கு அழைத்துப் போகலாமா? – ஒரு வாசகி, சேலம்

மே மாதம் வேண்டாம். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் நெரிசலே அவருக்குப் பெரிய ஆபத்து. மலர்க் கண்காட்சி நாட்களில் உதகையில் நெரிசலைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியாது. எந்த நாட்களில் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைவாக இருக்கும் என்பதைப் புற்றுநோய் மருத்துவர் சொல்வார். அந்த நாட்களில் பயணமே கூடாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலையில் இருப்பவர், மலை இறங்கும் சாலை வாகனங்களால் அடைபடும் பருவத்தில் மேலே இருக்கக் கூடாது. அவருடைய மருத்துவர் ஒப்புக்கொண்டால், பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வார நாளில், உதகைக்கு அருகே முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆராய்ச்சி மைய அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். தோடர், கோத்தர், குறும்பர் முதலியோரின் பொருட்களை அங்கே பார்க்கும்போது, அவர்கள் குடியிருப்புக்குள் நுழைந்து தொந்தரவு கொடுக்க வேண்டியதும் இல்லை.

கேள்வி: மதுரையில் சிகிச்சை பெறுபவர்கள் ஊட்டிக்குப் பதிலாகக் கொடைக்கானல் போகலாமா? – ஒரு வாசகர், விருதுநகர்

தாராளமாக. உயரம் ஏறக்குறைய 2,100 மீட்டர் என்பதால், உயரத்தைப் பற்றி மேலே சொன்ன எச்சரிக்கைகள் அனைத்தும் அங்கும் பொருந்தும். அந்த ஊரும் நோயின் பிள்ளைதான். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர்கள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் குடும்பத்தினரைப் பலிகொடுத்துவிட்டு, 1845இல் அங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். நடப்பதற்குக் கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய ஐந்து கிலோமீட்டர் சாலை உதகையை விட நல்லது. பெரும்பாலும் சமதளம், வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அறிவியலில் ஈடுபாடுள்ளவர்கள் 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகத்துக்குப் போகலாம். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டது அங்கேதான்.

கேள்வி: மருத்துவ விசாவில் வந்திருப்பவர்கள் மலைக்குப் போக என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்? – பலர்

பாஸ்போர்ட்டும் விசாவும் அசலாகவே கையில் இருக்கட்டும். வெளிநாட்டினர் தங்கினால் விடுதி அவர்கள் விவரத்தை அரசிடம் பதிவு செய்ய வேண்டும், நகல் மட்டும் இருந்தால் இழுத்தடிப்பார்கள். 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வாகனங்கள் இ-பாஸ் பெற வேண்டியிருக்கிறது. அதை வாடகைக் கார் ஓட்டுநர் எடுத்துவிட்டாரா என்பதைப் புறப்படும் நாளுக்கு முந்தைய இரவே உறுதி செய்யுங்கள். மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாக, பெட்டியில் அல்லாமல் கைப்பையில் வையுங்கள். மழைக்காலத்தில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்து, கீழே இறங்க ஒரு நாள் தாமதமாவது இங்கே புதிதல்ல. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் அந்தத் தாமதத்தையும் கணக்கில் சேர்த்து, அடுத்த முறைக்கு முந்தைய நாளே சமவெளிக்கு வந்துவிட வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஒன்றை உடன் வருபவரின் பையிலும் வையுங்கள். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அவசரத்தில் அங்கே முதலில் கேட்பது அதைத்தான். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை இருப்பதால், மாத்திரை போடுவதற்குக் காய்ச்சி ஆறிய நீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.